வற்றில் நிற்கும் மரக்கலங்கள்

1344ஆம் ஆண்டு புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதாவை நாம் நன்கறிவோம். அதற்குச் சற்று முன்னர், குஜராத்தின் கம்பாயத் துறைமுகத்தில் அவர் கண்ட காட்சியொன்றை நம்மிற் பலர் கவனித்ததில்லை. வற்றின்போது கப்பல்கள் சேற்றில் கிடந்ததையும் பெருக்கின்போது மிதந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். ஹிஜ்ரி 303இல் (கி.பி. 915-916) அக்குடாவுக்கு வந்த மஸ்ஊதியோ, நீர் விலகிய மணலில் நின்ற நாயொன்றைத் திரும்பிவந்த வெள்ளம் மூழ்கடித்ததைப் பதிவு செய்தார்.

இவ்வியப்பு நமக்கு எளிதில் விளங்காது. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றரை எட்டுவதில்லை. கம்பாயத்துக் குடாவில் அது சுமார் 10 மீற்றர். நாம் தோணியைக் கரைக்கு இழுக்கிறோம். அங்கே கடலே தோணியைத் தரையில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

அப்படி விடப்பட்ட கலம் என்னவாகும்? தட்டையான அடியுடையது இருந்த இடத்திலேயே அமரும். ஏரா எனும் அடிமரம் ஆழமாக இறங்கிய பாய்க்கப்பல் ஒருபக்கம் சாயும். பாரம் சரியும், பலகைப் பொருத்துகள் நெகிழும். நீர் திரும்பும்போதுதான் பெரிய ஆபத்து. சாய்ந்த கப்பல் நிமிருமுன்னரே விளிம்பால் தண்ணீர் உட்புகலாம். இதற்கு மாலுமிகள் கண்ட விடைதான் ஊன்றுகால்.

குவைத்தின் கரையோரத்தில் 'நக்ஆ' எனப்பட்ட, கல்லணை கட்டிய துறைகள் இருந்தன. நீர் வற்றியதும் இருபுறமும் மரங்களை முட்டுக்கொடுத்து மரக்கலங்களை நிமிர்த்தி வைத்தார்கள். அடுத்த பெருக்குக்கு முன் ஒட்டுச்சிப்பிகளைச் சுரண்டி, பொருத்துகளில் பஞ்சு திணித்து, சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்து அடிப்பகுதியில் பூசினார்கள்.

இங்கிலாந்தின் சென்ற் ஐவ்ஸ் மீன்பிடிக் கலங்களும், பிரிஸ்டல் குடாவில் துறைமுக வழிகாட்டிகள் செலுத்திய பாய்க்கலங்களும் இவ்வாறே கால்களில் நின்றன. பிரெஞ்சுக்காரர் இவற்றுக்கு இட்ட பெயரின் பொருளே ஊன்றுகோல்தான். கப்பலின் அகன்ற நடுப்பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாகப் பூட்டி, முன்னும் பின்னும் கயிற்றால் இழுத்துக் கட்டுவர். சேற்றில் புதையாதிருக்க அகன்ற பாதம் வைப்பர். காலை ஏராவின் ஆழத்தைவிடச் சற்றுக் கட்டையாகவே செய்வர். எடையை ஏராவே சுமக்க வேண்டும்; கால் சாய்வைத் தடுத்தால் போதும். தரையை அறியாமல் கால் ஊன்றினாலோ, ஒருபக்கம் புதைந்து கப்பல் கவிழும்.

வற்றுப்பெருக்குக்கும் சந்திரனுக்குமுள்ள உறவை விரித்துரைத்த அபூ மஃஷரின் நூல் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குச் சென்று ஐரோப்பாவுக்குப் பாடமானது. ஆனால் சேற்றில் இறங்கி முட்டுக்கொடுத்தவனின் அறிவு நூல்களில் அதிகம் ஏறவில்லை. இப்னு பதூதாகூட அக்கப்பல்களைத் தாங்கியது எதுவென்று சொல்லவில்லை. 1946இல் குவைத்தின் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியபின் பாய்க்கப்பல்கள் மறைந்தன. நக்ஆக்கள் பல தூர்க்கப்பட்டன. அங்கு நின்ற கைகளின் அறிவும் அவற்றோடு பெரும்பாலும் போயிற்று.

முஸ்லிம்களின் கடல் வரலாறென்றால் இப்னு மாஜிதையும் நட்சத்திரங்களையும் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆயினும் பயணம் செய்த கப்பலுக்கு, நிற்கவும் ஒருவன் கால் கொடுத்திருக்கிறான். நமது கரைகளில் வத்தை கட்டியவர்களும் கரைவலைத் தோணி இழுத்தவர்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க நமக்கு இருப்பது ஒரு வற்றுக்கும் பெருக்குக்கும் இடைப்பட்ட நேரமே.