ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநலச் சிகிச்சை: செலவுக் கணக்கின் வரலாறு

மனநல மருத்துவர் ஒருவரே எல்லா நோயாளிகளையும் பார்ப்பதற்குப் பதிலாக, பொது மருத்துவர், செவிலியர், களப்பணியாளர் ஆகியோர் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிகிச்சை அளிக்கும் முறை இந்தியாவில் 1970களில் சோதனையாகத் தொடங்கியது. அதற்கான செலவை யார், எந்தக் கணக்கில் ஏற்பது என்ற கேள்வியும் அப்போதே உடன் வந்தது.

தொடக்கம்

பெங்களூருக்கு அருகிலுள்ள சக்கலவாராவிலும் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும் நடந்த முயற்சிகள் முன்னோடிகள். 1982ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. நிம்ஹான்ஸ் நிறுவனம் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1980களின் நடுவில் இதைச் செய்து காட்டியது. அந்த மாதிரியில் 1996ல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் முதலில் இடம்பெற்றது திருச்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் இறந்த பிறகே திட்டத்தின் தேவை பொதுமக்களிடம் பேசப்பட்டது.

பாவூர்சத்திரமும் பஸ் கட்டணமும்

பாவூர்சத்திரம் திருநெல்வேலி - தென்காசி சாலையில் உள்ள காய்கறிச் சந்தை ஊர். சுற்றுவட்டாரத்தில் பீடி சுற்றுவது பெண்களின் முக்கிய வருமானம். மனநோய் கண்டவரைக் குற்றால அருவியில் நிற்க வைத்தால் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே பழையது. ஆஸ்பத்திரி என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு. அங்கே வைத்தியம் இலவசம்தான். ஆனால் நோயாளி தனியாகப் போக முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும். இருவரின் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் எந்த மருத்துவமனை ரசீதிலும் வராத கட்டணங்கள். மாத்திரை மாதந்தோறும் தேவைப்படும் நோயில் இதுவே சிகிச்சையை நிறுத்திவிடும். சிகிச்சையை ஊரருகே கொண்டுவருவதன் பொருளாதாரம் இதுதான். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது.

மாத்திரைச் செலவுக்குத் தமிழகத்தில் ஓரளவு விடை கிடைத்தது. 1994ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்குத் தருகிறது. பேச்சுக்கும் பின்தொடர்தலுக்கும் அப்படியொரு ஏற்பாடு எளிதில் அமையவில்லை.

காப்பீடு

2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் அறுவை சிகிச்சையையும் உள்நோயாளி சிகிச்சையையும் கருதியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு படி மேலே போனது. அதன் 18ஆம் பிரிவு வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு இலவச சிகிச்சையை உரிமையாக்கியது. 21ஆம் பிரிவு, உடல்நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்டில் நிறுவனங்களுக்கு இதை நினைவூட்டியது. 2022 அக்டோபரில் மீண்டும் நினைவூட்ட வேண்டியிருந்தது என்பதே நடைமுறையின் வேகத்தைச் சொல்லும். மேலும், சமம் என்பது படுக்கையில் சேர்ந்தவருக்கே பெரிதும் பயன்படும். மனச்சோர்வு கொண்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைக்கு வருவதில்லை.

நிமிடக் கணக்கு

அமெரிக்காவில் இச்சிக்கல் வேறு வழியில் தீர்க்கப்பட்டது. அங்கே 18 மருத்துவமனைகளில் 1,801 முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2002ல் வெளியானது. குழுவாகச் செய்யும் மனச்சோர்வுச் சிகிச்சை பலன் தருகிறது என்று அது காட்டியது. ஆனால் நோயாளியைப் போனில் அழைத்துப் பேசும் பராமரிப்பாளருக்கும், நோயாளியை நேரில் பார்க்காமல் ஆலோசனை சொல்லும் மனநல மருத்துவருக்கும் ரசீது போட வழியில்லை. மெடிகேர் 2017ல்தான் இதற்குப் பணம் தரத் தொடங்கியது. 2018 முதல் 99492, 99493, 99494 என்ற எண்கள் புழக்கத்துக்கு வந்தன. முதல் மாதத்துக்கு 70 நிமிடம், அடுத்த மாதங்களுக்கு 60 நிமிடம் என்பது கணக்கு.

இந்தியாவில் நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்த 404 பேரிடம், சென்னை உட்பட நான்கு இடங்களில், இதே போன்ற குழு முறை சோதிக்கப்பட்டு 2020ல் நல்ல பலன் பதிவானது. ஆயினும் இங்கே அந்த எண்களுக்கு நிகரான ஏற்பாடு உருவாகவில்லை. குழுவின் உழைப்பு சம்பளத்துக்குள் அடங்கிவிடுகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 தொலைபேசிச் சேவையும் அவ்வகையே. அழைப்பவர் எதுவும் செலுத்துவதில்லை, செலவை அரசு ஏற்கிறது.