பாதாள ரயிலும் தீராத நெரிசலும்

மெட்ரோ வந்துட்டா ரோடு காலியாயிடும்னு நம்புறவரா நீங்க? அப்படி முதல்ல நம்பின ஊர் லண்டன்தான் மக்களே. கதை 160 வருஷத்துக்கும் மேல பழசு.

1850கள்ல லண்டன் தெரு பூரா குதிரை வண்டி. பாடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ்னு பெரிய ரயில் நிலையங்கள் எல்லாம் ஊர் ஓரத்துலயே நின்னுபோச்சு. அங்க இறங்குற கூட்டம் வேலைக்குப் போக மறுபடியும் வண்டி பிடிக்கணும். சார்லஸ் பியர்சன்னு ஒரு வழக்கறிஞர், ரயிலை தரைக்கு அடியில விடுங்கன்னு வருஷக்கணக்கா போராடினார். 1862ல் அவர் இறந்துட்டார். நாலே மாசத்துல, 1863 ஜனவரி 10ஆம் தேதி, பாடிங்டன் - ஃபாரிங்டன் இடையே உலகின் முதல் பாதாள ரயில் ஓடியது. நீராவி எஞ்சின், சுரங்கம் முழுக்க புகை. இருந்தும் முதல் நாளே சுமார் 38 ஆயிரம் பேர் ஏறினாங்க!

சரி, தெரு காலியாச்சா? ம்ஹும். ரயில் போன பக்கமெல்லாம் வீடு முளைச்சது, ஊர் பெருத்தது. 1915லேர்ந்து 'மெட்ரோலேண்ட்'னு பேர் வச்சு புறநகரை விளம்பரம் பண்ணினதே அந்த ரயில் கம்பெனிதான்.

அப்ப ரோடு போட்டா? அதையும் பார்த்துட்டாங்க. லண்டனைச் சுத்தி 188 கிலோமீட்டருக்கு எம்25 சாலை 1986ல் முழுசா திறந்தாங்க. சீக்கிரமே அதை கார் பார்க்கிங்னு கிண்டல் பண்ற அளவுக்கு வண்டி நின்னுது. அப்புறம் அகலப்படுத்தினாங்க, அதுவும் நிரம்பியது.

இதுக்கான காரணத்தை அந்தோணி டௌன்ஸ்ங்கிற பொருளாதார அறிஞர் 1962லயே எழுதிட்டார். ரோட்டுல கொஞ்சம் இடம் கிடைச்சா, அதுவரைக்கும் வேற நேரத்துல, வேற வழியில, ரயில்ல போனவங்க அங்க வந்துடுவாங்க. மெட்ரோவுக்கும் இதே கணக்குதான். பத்து பேர் காரை விட்டு ரயிலேறினா, காலியான இடத்துக்கு வேற பத்து பேர் கிளம்பி வருவாங்க.

லண்டன்ல வண்டியைக் குறைச்சது வேற ஒண்ணு. 2003 பிப்ரவரியில நகர மையத்துக்குள்ள வர்ற காருக்கு ஒரு நாளைக்கு 5 பவுண்டு கட்டணம் போட்டாங்க, கூடவே பஸ்ஸை அதிகப்படுத்தினாங்க. உள்ளே வர்ற வண்டிகள் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைஞ்சது. காரை விட்டவங்க போறதுக்கு ரயிலும் பஸ்ஸும் இருந்ததாலதான் அது சாத்தியமாச்சு. இதை மறந்துடக் கூடாது.

நம்ம சென்னையில 2015 ஜூன்ல மெட்ரோ ஓட ஆரம்பிச்சது. 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் மதிப்பீடு. "இவ்வளவு கொட்டியும் அண்ணா சாலை காலியாகலையே"ன்னு புலம்புறது என்னைப் பொறுத்தவரை தப்பான கேள்வி. ரோட்டைக் காலி பண்றது மெட்ரோவோட வேலையே இல்லை, நெரிசல்ல சிக்காம போக ஒரு வழி தர்றதுதான் அதோட வேலை. ஸ்டேஷன்ல இறங்கினா வீட்டுக்குப் போக பஸ் இருக்கா, நடக்க நடைபாதை இருக்கா, ரோட்டோரம் ஓசியில கார் நிறுத்துறதுக்கு எப்ப காசு கேப்பாங்க? கேக்க வேண்டியது இதைத்தான்.

நீங்க என்ன நினைக்கிறீங்க?