நட்டவர் போனார், மரம் நின்றது

செம்பனைத் தோட்டத்தின் நடுவே ஒரு மாமரம். சற்றுத் தள்ளி ஒரு பலா. அதற்கடுத்து இரண்டு ரம்புத்தான், ஒரு கொய்யா. சுற்றிலும் வீடுகள் இல்லை. ஆள் நடமாட்டமும் இல்லை. பேராக்கிலோ, சிலாங்கூரிலோ, கெடாவிலோ இப்படி ஓர் இடத்தைக் காணும் பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: "இங்கே லயம் இருந்தது."

பலகை வீட்டைப் பிரித்து எடுத்துவிடலாம். வளர்ந்த மரத்தை அப்படி எடுத்துச் செல்ல முடியாது. தோட்டப்புற மக்களின் வாழ்க்கைக்கு, ஏடுகளில் இடம்பெறாத சாட்சிகள் இந்தப் பழமரங்கள்.

கங்காணி வழி மலாயாவுக்கு வந்தவர்களில் பலர், சில ஆண்டுகள் பால்மரம் சீவி, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர்கள். அப்படிப்பட்டவருக்கு வாழையும் பப்பாளியும் போதும். ஏறத்தாழ ஓராண்டில் பலன் தந்துவிடும். கொட்டையிலிருந்து முளைத்த ரம்புத்தான் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அவற்றிலும் ஏறக்குறைய பாதி ஆண் மரங்களாகிப் பூ மட்டுமே பூக்கும். மங்குஸ்தீனோ எட்டு, பத்து ஆண்டுகளுக்கு மேலும் காத்திருக்க வைக்கும். ஊர் திரும்பப் போகிறவர் மங்குஸ்தீன் கன்றை நடுவாரா?

அப்படியென்றால், பலாவையும் மாவையும் நட்டவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும்: "இனி இதுதான் நம் ஊர்."

பதினாறில் ஒரு பங்கு ஏக்கர்

போருக்கு முந்திய மலாயாவின் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு இருக்கும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ 1/16 ஏக்கர் நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. அதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி. இன்றைய 20க்கு 70 அடி தரை வீட்டு மனையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு!

1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம், உதவித் திட்டத்தின் கீழ் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அடுத்து வந்தது ஜப்பானியர் ஆட்சி. அரிசிக்குப் பஞ்சம் ஏற்பட்ட 1942 முதல் 1945 வரையிலான அந்த ஆண்டுகளில், வீட்டோரத்து மண்ணில் விளைந்த மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான் பலரது உயிரைக் காத்தன. வீட்டைச் சுற்றியுள்ள மண் எவ்வளவு பெரிய துணை என்பதை அந்தத் தலைமுறை பசியோடு கற்றுக்கொண்டது.

மரம் யாருக்கு?

நட்டவர், தண்ணீர் ஊற்றியவர், பழம் பறித்தவர் எல்லாம் தொழிலாளியே. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு மரம் அவருடையதன்று. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு, நிலம் என்ற சொல்லுக்குள் அதில் வளரும் செடிகொடி மரங்களையும் சேர்க்கிறது. நிலம் யாருக்கோ, மரமும் அவருக்கே.

1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது இதன் வலி முதலில் தெரிந்தது. தொழிலாளர்களே தோட்டம் வாங்கலாம் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்ததற்கும் அதுவே காரணம். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனைத் தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாயின.

வேலை இழந்தவருக்கான இழப்பீட்டை 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் வரையறுத்தன. ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு, ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கு. சம்பளமும் சேவை ஆண்டுகளும் அதில் உண்டு. முப்பது ஆண்டு காய்த்த மாமரத்துக்கு அதில் இடமில்லை.

மரத்தைக் கணக்கிடவே முடியாது என்பதல்ல. அண்டை நாடான சிங்கப்பூரில் கம்போங்வாசிகளை அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றியபோது, பழமரங்களுக்கும் இழப்பீடு கணக்கிட்டுத் தந்தார்கள். மனம் இருந்தால் மரத்துக்கும் விலை உண்டு என்பதற்கு அது சான்று.

ஒரு குச்சி போதும்

போனது போகட்டும். எஞ்சி நிற்கும் மரங்களுக்கு என்ன வழி?

ஒட்டுக் கட்டுதல்தான் வழி. மாமரத்தின் முற்றிய நுனிக்கிளையில் பென்சில் கனத்தில் ஒரு குச்சியை வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, இளங்கன்றின் மீது ஒட்டினால் போதும். தாய்மரத்தின் அதே சுவை மூன்று, நான்கு ஆண்டுகளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கொட்டை போட்டால் எல்லா இரகங்களிலும் அந்தச் சுவை அப்படியே வரும் என்ற உறுதியில்லை. தரை வீட்டில் இடமில்லை என்றால் பெரிய தொட்டியிலும் வளர்த்து, கவாத்து செய்து சிறிதாக வைத்துக்கொள்ளலாம்.

தாத்தா நட்ட மரம் பழைய தோட்டத்தில் இன்னும் நிற்கிறதா? அந்த மண்ணை இனி மீட்க முடியாமல் போகலாம். ஆனால் நில உடைமையாளரிடம் கேட்டு ஒரு குச்சி எடுத்து வரலாம். நட்டவர் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி வைக்கலாம். இம்முறை மரம் நிற்பது சொந்த மண்ணாக இருக்கும்.