எரிக்காமல் விட்ட காடு

பெண்ணாடத்தில் ஓக் மரம் கிடையாது. விருத்தாசலம், திட்டக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் கிடையாது. ரஷ்ய நாவல்களில் படித்திருப்போம். ஊட்டிக்குப் போகும்போது தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக்கைப் பார்த்து, ‘இதுதான் போல’ என்று நினைத்திருப்போம். அது ஓக்கே இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். நிஜ ஓக்கைக் காட்டில் பார்க்கணும்னா இமயமலைப் பக்கம் போகணும்.

குமாவோன், கர்வால் மலைகளில் அதன் பெயர் பாஞ்ச். சுமார் 1,200 மீட்டருக்கு மேலே காடாக நிற்கும். தாவரவியல் பெயர் குவெர்கஸ் லூகோட்ரைக்கோஃபோரா. ‘வெண்முடி தாங்கியது’ என்று அர்த்தம். இலையைத் திருப்பினால் அடியில் வெளிறிய ரோமம் தெரியும். அந்த இலை மாட்டுக்கு, கிளை அடுப்புக்கு, கட்டை ஏருக்கு. சருகு தொழுவத்தில் மாட்டுக்குப் படுக்கையாகி, சாணத்தோடு மக்கி, வயலுக்கு எருவாகப் போகும். அரிவாளோடு தினமும் காட்டுக்குப் போய்வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

பிரிட்டிஷ் வனத்துறையின் கணக்கு வேறு. பாஞ்ச் கட்டை காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். ரயில்வேக்கு அதனால் என்ன லாபம்? சிர் பைன் அப்படியில்லை. நேராக வளரும், மருந்தேற்றினால் ஸ்லீப்பர் கட்டையாகும், பட்டையைக் கீறினால் பிசின், பிசினிலிருந்து டர்பன்டைன். 1911 முதல் 1917 வரை குமாவோனின் பெரும்பரப்பு காப்புக்காடானது. இலை ஒடிப்பதற்கும் மாடு மேய்ப்பதற்கும் புல்லுக்காகத் தீ வைப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது.

1921 ஜனவரி, நம்ம பொங்கல் சமயம். பாகேஷ்வர் சந்தையில் கூடிய ஜனங்கள், கூலியில்லா வேலைக்கான பதிவேடுகளைத் தூக்கி சரயு ஆற்றில் போட்டார்கள். நம் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். அடுத்து வந்த கோடையில் காடுகள் பற்றி எரிந்தன.

எரிந்தவை பெரும்பாலும் பைன் காடுகள். அதே அரசின் பிடியில் இருந்த அகன்ற இலைக் காடுகள், அதாவது பாஞ்ச் போன்றவை, தாக்கப்பட்டதற்குச் சான்று இல்லை என்று ராமச்சந்திர குஹா எழுதுகிறார். பைனுக்கு அடியில் புது புல் முளைக்கத் தீ வைப்பது பழைய வழக்கம். அதுவும் ஒரு காரணம்தான். ஆனாலும் கோபத்தில் இருந்த ஊர், எதை எரிப்பது, எதை விடுவது என்று பார்த்துத்தான் செய்திருக்கிறது.

1984இல் ‘நேச்சர்’ இதழில் ஜே. எஸ். சிங்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓக் இருந்த இடத்தை பைன் பிடித்தால் மண்ணின் நைட்ரஜன் சுழற்சியே மாறிவிடுகிறது. பைன் சருகில் நைட்ரஜன் குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் நைட்ரஜனையும் இழுத்து வைத்துக்கொள்கின்றன. வளமான மண் கேட்கும் ஓக், அங்கே திரும்ப வர முடிவதில்லை. ஒருமுறை போனால் போச்சு.

ஊர்க்காரர்களைத் தெய்வமாக்க வேண்டாம். ஓயாமல் கிளை ஒடித்தால் பாஞ்ச் காய்க்காது, கன்றும் முளைக்காது. காடு சுருங்கச் சுருங்க மிச்சமிருந்த மரங்கள்மேல் அரிவாள் அடிக்கடி விழுந்தது. அதுவும் இந்த வரலாற்றில் உண்டு.

ஆனால் 1921க்கும் 1984க்கும் நடுவே 63 வருடம். நைட்ரஜன் என்ற வார்த்தை அந்த மலைக்கிராமங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. எந்தச் சருகைப் போட்டால் வயல் விளையும் என்பது தெரிந்திருந்தது.