கத்தி பழகும் கைக்கு ஒரு நாற்காலி

டாக்டர்கள் சங்கம்னு சொன்னா என்ன ஞாபகம் வருது? நரைத்த தலை, மேடை, மைக்... இல்லையா? சர்ஜன் ஆகப் பயிற்சியில இருக்கிறவங்களுக்கு அந்த மேடையில இடம் கிடைச்ச கதை லண்டன்ல நடந்தது. சுருக்கமா சொல்றேன்.

1745 வரைக்கும் அங்கே முடி திருத்துறவங்களுக்கும் சர்ஜன்களுக்கும் ஒரே சங்கம்தான். அந்த வருஷம் பிரிந்தார்கள். 1800ல் அரச சாசனத்தோடு ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் வந்தது. நிர்வாகக் குழுவில் 21 பேர், பதவி ஆயுளுக்கும். ஒருத்தர் போனால் அடுத்தவரை மிச்சம் இருக்கிறவங்களே தேர்ந்தெடுப்பாங்க. இவர்களில் பலர் லண்டனின் பெரிய ஆஸ்பத்திரி சர்ஜன்கள். ஃபீஸ் வாங்கிப் பாடம் நடத்துறதும் இவங்க ஆட்கள், பரீட்சை வைக்கிறதும் இவங்க ஆட்கள். கோட் எழுதினவனே டெஸ்ட் பண்ணி கையெழுத்தும் போட்ட மாதிரி :-)

இதை எதிர்த்துக் கிளம்பினவர் தாமஸ் வாக்லி. 1823 அக்டோபரில் 'தி லான்செட்' பத்திரிகையை ஆரம்பிச்சப்போ அவருக்கு வயசு 28. காசு கட்டின மாணவர்கள் மட்டும் கேட்ட ஆஸ்ட்லி கூப்பரின் பாடங்களை அச்சடிச்சு ஊருக்கே வித்தார்.

1828ல் கைஸ் ஆஸ்பத்திரியில் ஒரு சிறுநீர்ப்பைக் கல் ஆபரேஷன். மயக்க மருந்து இல்லாத காலம். கைதேர்ந்தவர்கள் சில நிமிஷத்தில் முடிப்பாங்க. அன்னிக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆச்சு. நோயாளி மறுநாள் இறந்துபோனார். கத்தி பிடித்தவர் பிரான்ஸ்பி கூப்பர், ஆஸ்ட்லி கூப்பரின் சகோதரர் மகன். சொந்தக்காரர் என்பதால்தான் அந்த வேலையே கிடைச்சதுன்னு லான்செட் போட்டு உடைத்தது. அவர் 2000 பவுண்டு கேட்டு மானநஷ்ட வழக்கு போட்டார். ஜூரி கொடுத்தது 100 பவுண்டு.

யார் நாற்காலியில உட்காருறாங்க என்பது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லைங்க. யார் கையில கத்தி போகுதுன்னு தீர்மானிக்கிறதே அந்த நாற்காலிதான்.

1831ல் காலேஜ் கூட்டத்தில் கடற்படை சர்ஜன்களுக்காகப் பேசிய வாக்லியை போலீஸை வைத்து வெளியே இழுத்துப் போட்டாங்க. ஆனா 1843ல் புது சாசனம் வந்தது. ஆயுள் பதவி ஒழிந்து தேர்தல் வந்தது. ஓட்டு மட்டும் 'ஃபெலோ' என்ற மூத்த தகுதி பெற்றவர்களுக்கே. சாதாரண உறுப்பினருக்கே ஓட்டு இல்லைன்னா, கத்துக்கிட்டு இருக்கிறவங்களை யார் கேட்பாங்க?

1976ல் அவங்களே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அசோசியேஷன் ஆஃப் சர்ஜன்ஸ் இன் ட்ரெய்னிங். ராயல் காலேஜ்களைச் சாராமல் தனியா நிற்கிற அமைப்பு. தலைவர் முதற்கொண்டு பயிற்சியில் இருக்கிறவங்கதான். எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை ஆபரேஷன் செய்து பழகணும் போன்ற விஷயங்களைப் பெரியவங்களோட சமமா உட்கார்ந்து பேச ஒரு குரல் கிடைச்சது.

அந்தப் பதவியை பயோடேட்டாவில் இன்னொரு வரின்னு நினைக்கிறவங்களும் உண்டு. எனக்கு அப்படித் தோணலை. ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கக் கலக்கத்தோட தையல் போடுறது யாருன்னு நல்லாத் தெரிஞ்சவங்க, விதி எழுதுற இடத்தில் இருக்கணும். படுத்திருக்கிறது நாமதானே!

டாக்டர் நண்பர்கள் யாராவது படிச்சா, உங்க ஊர்ல எப்படின்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க.