பழைய ஹைபிரிட் காரின் டிரான்ஸ்மிஷன் எண்ணெய்

எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் பற்சக்கரப் பெட்டிக்குள் நிற்பது டிரான்ஸ்மிஷன் எண்ணெய். ஒர்க்‌ஷாப்பில் இதைப் பொதுவாகக் கியர் ஆயில் என்பார்கள். ஹைபிரிட் கார்கள் பலவற்றில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு: உயர் மின்னழுத்தத்தில் ஓடும் மோட்டார்களின் செப்புச் சுருள்களை நனைத்துச் சூட்டைத் தணிப்பது. உத்தரவாதக் காலம் முடிந்த காருக்குக் கார் நிறுவனத்தின் பெயர் பொறித்த எண்ணெய்தான் வேண்டுமா, வெளி நிறுவனங்களின் எண்ணெய் போதுமா என்பது உரிமையாளர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி. விடை காருக்குக் கார் மாறும். பெட்டிக்குள் எண்ணெயில் நனைந்து உரசும் கிளட்சோ பெல்ட்டோ இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. பரவலாக ஓடும் பழைய ஹைபிரிட்டான டொயோட்டா பிரியஸின் இரண்டாம் தலைமுறை (2003–2009) இங்கே முதன்மை எடுத்துக்காட்டு.

கியர் மாறாத பெட்டி

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸ், பெருமளவில் உற்பத்தியான முதல் ஹைபிரிட் கார். அதன் டிரான்ஸ்மிஷனில் முதல் கியர், இரண்டாம் கியர் என்று எதுவும் இல்லை. நடுவே 30 பற்கள் கொண்ட சூரியச் சக்கரம், வெளியே 78 பற்கள் கொண்ட வளையச் சக்கரம், இரண்டுக்கும் இடையில் கோள் சக்கரங்கள் என ஒரே ஒரு கோள்பற்சக்கரத் தொகுதிதான். எஞ்சின் கோள் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தோடு பிணைந்திருக்கிறது. சிறிய மோட்டார் சூரியச் சக்கரத்தோடும், பெரிய மோட்டாரும் கார்ச் சக்கரங்களும் வளையத்தோடும். சிறிய மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதே இங்கே கியர் மாற்றுவதற்கு ஈடு. பற்கள் எப்போதும் கோத்தபடியே இருக்கும். டார்க் கன்வெர்ட்டர் இல்லை, கிளட்ச் தட்டுகள் இல்லை, ரிவர்ஸ் கியர்கூட இல்லை. பெரிய மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் கார் பின்னே போகும்.

எண்ணெய்த் தேர்வுக்கான அடிப்படை இந்த அமைப்பில்தான் இருக்கிறது. சாதாரண ஆட்டோமேட்டிக் காரின் எண்ணெய்க்கு மிகக் கடினமான வேலை, கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பற்றும்போது வழுக்கலையும் பிடிப்பையும் சரியான அளவில் வைத்திருப்பது. அந்த உராய்வுக் கணக்கு சற்றுப் பிசகினாலும் வண்டி நடுங்கும், கியர் விழும்போது உதைக்கும். தவறான எண்ணெய் பற்றி மெக்கானிக்குகள் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை அத்தகைய பெட்டிகளிலிருந்து வந்தவை. பிரியஸில் பற்றிக்கொள்ளத் தட்டே இல்லாததால் அந்தப் பயத்தில் பாதிக்கு மேல் இதற்குப் பொருந்தாது.

ஆனால் வேறு சில குணங்கள் இங்கே கட்டாயம். பற்சக்கரங்களையும் பேரிங்குகளையும், இரண்டாம் தலைமுறையில் உள்ள சங்கிலியையும் தேயாமல் காக்க வேண்டும். மோட்டார் சுருளின் வெப்பத்தை வாங்கிப் பெட்டியின் சுவருக்குக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து தனிக் குளிர்நீர் அதை எடுத்துச் செல்லும். மின்சாரத்தைக் கடத்தக் கூடாது. இரண்டாம் தலைமுறை பிரியஸின் பேட்டரி 201.6 வோல்ட்தான் என்றாலும், மோட்டாருக்குப் போகும்போது அது 500 வோல்ட் வரை உயர்த்தப்படுகிறது. செப்புக் கம்பியையும் அதன் மேலுள்ள வார்னிஷ் பூச்சையும் எண்ணெய் அரிக்கக் கூடாது. பின் அச்சுப் பெட்டிகளுக்கு ஊற்றும் 90-ஆம் நம்பர் கியர் ஆயிலை இதில் ஊற்றக் கூடாது என்பதற்குக் கெட்டித்தன்மை மட்டும் காரணமல்ல. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் செம்பைத் தாக்கக்கூடியவை. மலிவு எண்ணெயா விலை கூடிய எண்ணெயா என்ற விவாதத்தைவிட இந்தப் பிழை பன்மடங்கு ஆபத்தானது.

டபிள்யூஎஸ்: யார் தயாரிப்பு?

முதல் தலைமுறை பிரியஸுக்கு டொயோட்டா குறித்தது டைப் டி-4 என்ற எண்ணெய். இரண்டாம் தலைமுறையிலிருந்து டபிள்யூஎஸ், அதாவது ‘வேர்ல்டு ஸ்டாண்டர்டு’. இது டி-4ஐ விட மெல்லியது: 100 டிகிரி செல்சியஸில் டி-4இன் பாகுநிலை சுமார் 7 சென்டிஸ்டோக், டபிள்யூஎஸ்ஸுடையது சுமார் 5.5. எண்ணெயைக் கலக்குவதில் வீணாகும் சக்தியைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தவே இந்த மெலிவு. இரண்டையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்தக் கூடாது என்பது டொயோட்டாவின் அறிவுறுத்தல்.

கார் நிறுவனம் எண்ணெய் ஆலை நடத்துவதில்லை. டொயோட்டாவின் பெயரில் வரும் எண்ணெயை ஜப்பானில் இதெமித்சுவும் அமெரிக்காவில் எக்ஸான்மொபிலும் தயாரித்துக் கொடுத்திருக்கின்றன. இதெமித்சு தன் சொந்தப் பெயரிலும் டிஎல்எஸ்-எல்வி என்ற எண்ணெயை இதே பயன்பாட்டுக்கு விற்கிறது. டொயோட்டா குழுமத்தின் டிரான்ஸ்மிஷன் தயாரிப்பாளரான ஐசின், ஏடிஎஃப்-0டபிள்யூஎஸ் என்ற பெயரில் ஒன்றை விற்கிறது. ஆகவே கம்பெனி எண்ணெய், வெளி எண்ணெய் என்று நடுவே இழுக்கப்படும் கோடு பலர் நினைப்பதுபோல் அழுத்தமானது அல்ல. இவற்றின் குறிப்புகளில் ஜேடபிள்யூஎஸ் 3324 என்ற தர எண்ணைக் காணலாம். பழைய டி-4க்கு உரியது 3309. பெயர்ப்பலகையைவிட இந்த எண்தான் வாங்குபவருக்கு உதவும்.

அடுத்த வட்டத்தில் வருபவை, பல வண்டிகளுக்கும் ஒரே எண்ணெய் என்று விற்கப்படுபவை. வால்வோலின் மேக்ஸ்லைஃப் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம்; அதன் பட்டியலில் டபிள்யூஎஸ்ஸும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் தன் டெக்ஸ்ரான்-6 தரத்துக்கு உரிம எண் கொடுக்கிறது. டபிள்யூஎஸ்ஸுக்கு வெளியாருக்கான அத்தகைய உரிம முறை இல்லை. எனவே ‘டபிள்யூஎஸ்ஸுக்குப் பொருந்தும்’ என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது எண்ணெய் நிறுவனத்தின் சொந்த உறுதிமொழி. டொயோட்டாவின் ஒப்புதல் அல்ல. பெயருள்ள நிறுவனம் தரும் உறுதிமொழிக்கு மதிப்பு உண்டு. எல்லாக் கார்களுக்கும் ஏற்றது என்பதைத் தவிர வேறெதுவும் எழுதாத டப்பாவுக்கு அந்த மதிப்பும் இல்லை.

தேர்வு

இரண்டாம் தலைமுறை பிரியஸுக்குத் தேவை 3.8 லிட்டர். டார்க் கன்வெர்ட்டர் இல்லாததால் வடிகால் திருகைக் கழற்றினாலே பழைய எண்ணெயில் பெரும்பகுதி இறங்கிவிடும். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் ஒருமுறை வடித்தால் பாதிக்கும் குறைவாகவே வெளியேறும் என்பதால் அங்கே இரண்டு மூன்று மடங்கு எண்ணெய் செலவாகிறது, விலை வித்தியாசமும் பெருகுகிறது. இங்கே அந்தச் சுமை இல்லை. நிறுவன எண்ணெய் கையெட்டும் தூரத்தில் நியாய விலைக்குக் கிடைத்தால், நாலு லிட்டர் விஷயத்தில் மிச்சம் பார்த்து யோசிக்க ஒன்றுமில்லை. கிடைக்காத ஊரில் 3324 எண் குறித்த வெளி எண்ணெயை ஊற்றத் தயங்கவும் வேண்டாம். உராய்வுக் கணக்கு முக்கியமில்லாத பெட்டி என்பதால் இந்த மாற்றத்தை அது தாங்கும்.

எந்த எண்ணெய் என்பதைவிட, மாற்றுகிறார்களா என்பதே பெரிய கேள்வி. இயல்பான ஓட்டத்துக்கு மாற்றும் இடைவெளி எதையும் டொயோட்டாவின் அட்டவணை வகுப்பதில்லை. வெளியிலிருந்து மாற்றக்கூடிய வடிகட்டியும் இந்தப் பெட்டியில் இல்லை. பற்கள் உதிர்க்கும் உலோகத் துகள் எண்ணெயிலேயே கிடக்கும். அதனால் 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது தனியார் மெக்கானிக்குகளிடையே பரவலான வழக்கம். ஒருமுறையும் மாறாமல் 20 ஆண்டு ஓடிய டபிள்யூஎஸ்ஸைவிடப் புதிதாக ஊற்றிய நல்ல வெளி எண்ணெய் மேல்.

உத்தரவாதம் பற்றிய அச்சம் பழைய காருக்கு ஏறக்குறைய இல்லை. உத்தரவாதம் முடியாத காருக்கும், அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னஸன்–மாஸ் சட்டம், இலவசமாகக் கொடுத்தாலன்றித் தன் பெயர் கொண்ட பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நிறுவனம் உத்தரவாதத்தில் நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது.

ஹோண்டாவில் கதை வேறு

ஹோண்டாவின் பழைய ஹைபிரிட்களான சிவிக், இன்சைட் போன்றவற்றில் மோட்டார் எஞ்சினுக்கும் டிரான்ஸ்மிஷனுக்கும் நடுவே, எண்ணெய்க்கு வெளியே இருக்கிறது. டிரான்ஸ்மிஷன் பெரும்பாலும் சிவிடி: இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடும் எஃகு பெல்ட். பெல்ட்டும் கப்பியும் அழுந்தும் இடத்தில் உள்ள எண்ணெய்ப் படலத்தின் உராய்வே இழுவையைக் கடத்துகிறது. பழைய சிவிக் ஹைபிரிட்டில் எண்ணெயில் நனைந்த ஸ்டார்ட் கிளட்சும் உண்டு. புறப்படும்போது வரும் நடுக்கம் அதன் பழக்கமான நோய். டபிள்யூஎஸ்ஸோ, ஏடிஎஃப் எனப்படும் வேறு சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயோ இதற்கு உதவாது. எச்எம்எம்எஃப், எச்சிஎஃப்-2 என்று மாடலுக்கு மாடல் ஹோண்டா குறிக்கும் எண்ணெய்களும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. பிரியஸில் காட்டும் தாராளத்தை இங்கே காட்டக் கூடாது.

இலங்கையிலும் இந்தியாவிலும்

இலங்கைச் சாலைகளில் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த பிரியஸ், அக்வா, ஃபிட் ஹைபிரிட் கார்கள் ஏராளம். 2020இல் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்களையே நீட்டி ஓட்ட வேண்டியிருந்ததால் எண்ணெய் மாற்றும் வேலை கராஜ்களுக்குப் பழகிப்போனது. இந்தியாவில் பிரியஸ் அரிது. பழைய ஹைபிரிட்களில் 2013 முதல் பெங்களூரு அருகே பிடதியில் ஒன்றிணைத்துத் தயாரான கேம்ரி ஹைபிரிட்டே அதிகம் தென்படும், அதற்கும் டபிள்யூஎஸ்தான். இரு நாட்டுச் சந்தைகளிலும் போலி டப்பா ஒரு தொல்லை. பிரபலமான பெயரைத்தான் போலி செய்வார்கள். தெருக்கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் நிறுவன எண்ணெயைவிட, முறையான விநியோகஸ்தரிடம் ரசீதோடு வாங்கிய வெளி எண்ணெய் நம்பகமானது.

மாற்றும்போது

பிரியஸின் டிரான்ஸ்மிஷனுக்கு டிப்ஸ்டிக் கிடையாது. கார் சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையின் கீழ்விளிம்பை எண்ணெய் எட்டுவதே சரியான அளவு. கழற்றும் வரிசையும் முக்கியம்: முதலில் நிரப்பும் திருகு, அது கழன்றபின் வடிகால் திருகு. மேல் திருகு துருவேறி இறுகியிருப்பது எண்ணெயை வடித்தபின் தெரியவந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். இரண்டாம் தலைமுறைப் பெட்டியின் அடியில் மோட்டார் குளிர்நீருக்கான வடிகால் திருகும் அருகிலேயே இருக்கிறது. இளஞ்சிவப்புத் தண்ணீர் கொட்டினால் கழற்றியது தவறான திருகு. அதை உடனே மூடி, குளிர்நீரை நிரப்பி, காற்றை முழுதும் வெளியேற்றிய பிறகே காரை இயக்க வேண்டும். இன்னொரு குளறுபடி, எஞ்சின் ஆயில் மாற்ற வந்த காரில் டிரான்ஸ்மிஷன் எண்ணெயை வடித்துவிட்டு, வடிக்கப்படாத எஞ்சினில் மேலும் ஊற்றுவது. எஞ்சினில் அளவு மிஞ்சும், பெட்டி வறண்டு ஓடும். அந்த நிலையில் உள்ளே டபிள்யூஎஸ் இருந்ததா வேறு எண்ணெய் இருந்ததா என்பதற்கு வேலையே இல்லை.