ஒளியிழை மோடமும் ஆர்.எஸ்-232 இடைமுகமும்

ஆர்.எஸ்-232 என்பது கணினி முனையத்தையும் மோடத்தையும் இணைப்பதற்கான தொடர் இடைமுகத் தரநிலை ஆகும். அமெரிக்க மின்னணுத் தொழிலகங்களின் சங்கம் இதனை 1960-இல் வெளியிட்டது. தொலைத்தட்டச்சு இயந்திரத்தைத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பேச வைப்பதே அன்றைய தேவை. ஒளியிழை அப்போது தொலைத்தொடர்புக்கு வரவில்லை. சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் அதற்கான வழியைக் காட்டும் கட்டுரையை வெளியிட்டது 1966-இல்தான். பின்னர் கண்ணாடி இழையின் முனையில் மோடம் வைக்கப்பட்டபோதும், கணினியின் பக்கம் அதே பழைய இடைமுகமே தொடர்ந்தது.

இந்த இடைமுகத்தில் −3 முதல் −15 வோல்ட் வரை '1' என்றும், +3 முதல் +15 வோல்ட் வரை '0' என்றும் கொள்ளப்படும். எல்லாக் குறிகைகளும் ஒரே பொது நிலக்கம்பியை ஒப்பிட்டே அளக்கப்படுகின்றன. இதன் பலவீனமும் அதுவே. இரண்டு கட்டடங்களின் நில மின்னழுத்தம் வேறுபட்டால் குறிகை சிதையும்; அருகில் இடி விழுந்தால் இரு முனைக் கருவிகளும் கருகக்கூடும். 1969-இல் வந்த ஆர்.எஸ்-232-சி தரநிலை, வடத்தின் நீளத்துக்கு 50 அடி என்ற வரம்பைப் பரிந்துரைத்தது. ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் துணை மின்நிலையங்களும் தொழிற்சாலைகளும் அதனை நாடின. தொலைவும் சில கிலோமீட்டராக நீண்டது.

முதலில் 25 ஊசி இணைப்பியே வழக்கில் இருந்தது. 1984-இல் ஐ.பி.எம் நிறுவனத்தின் பி.சி ஏ.டி கணினி 9 ஊசி இணைப்பியைப் பரவலாக்கியது. அதில் முனையம் 3-ஆம் ஊசியில் அனுப்புகிறது, 2-இல் பெறுகிறது, 5 நிலக்கம்பி. 25 ஊசி வகையில் 2-உம் 3-உம் இடம் மாறியிருக்கும். வடம் செய்வோரைக் குழப்பிய மாற்றம் இது.

மீதி ஊசிகள் தொலைபேசிக் காலத்தவை. 9-ஆம் ஊசி மணி அடிப்பதை அறிவிக்கும். ஒளியிழையில் மணி ஏது? 7-இல் முனையம் அனுப்ப அனுமதி கேட்கும், 8-இல் மோடம் அனுமதி தரும். போகவும் வரவும் ஒவ்வோர் இழை மட்டுமே கொண்ட எளிய ஒளியிழை மோடம் இவற்றை மறுமுனைக்குக் கொண்டுசெல்வதில்லை. எனவே 7-ஐயும் 8-ஐயும் ஒன்றாக இணைத்துவிடுவர். 1, 4, 6 ஆகியவற்றையும் அவ்வாறே. முனையம் கேட்ட கேள்விக்கு அதன் குரலே பதிலாகத் திரும்பும். இணைப்பு வேலை செய்யும். ஆனால் மறுமுனைக் கருவி அணைந்திருந்தாலும் எல்லாம் தயார் என்றே முனையம் நம்பும். அனுப்பிய தரவு சத்தமின்றித் தொலையும். இதனால் பலர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த, தரவோடு செல்லும் எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் குறியீடுகளுக்கு மாறினர்.

ஒளிக்கு எதிர்மறை மதிப்பு இல்லை என்பது இன்னொரு சிக்கல். தரவு இல்லாத நேரத்தில் தொடர் கம்பியில் எதிர் மின்னழுத்தம் நிற்கும். அதை ஒளியாகக் காட்டுவதா, இருளாகவா? இதற்கென்றே சில கருவிகளில் ஒரு விசை உண்டு. இரு முனைகளிலும் விசை வேறு நிலையில் இருந்தால் தொடர்பு கிடைக்காது. ஓய்வில் ஒளி எரியும் முறையில், இழை அறுந்தால் ஒளி மறைவதால் பழுது உடனே தெரியும். ஓய்வில் இருள் எனில், அறுந்த இழையும் அமைதியான இணைப்பும் ஒன்றுபோலவே தோன்றும். பாதுகாப்பு ரிலேக்களை இணைக்கும் இடத்தில் இவ்வேறுபாடு சிறியதன்று.

சில ஒளியிழை மோடங்களுக்குத் தனி மின்வழங்கி கிடையாது. 4-ஆம், 7-ஆம் ஊசிகளில் நிற்கும் மின்னழுத்தத்திலிருந்தே தமக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். பழைய கணினிகள் ஏறத்தாழ 12 வோல்ட் தந்தன. இன்றைய யு.எஸ்.பி மாற்றிகள் பல 5 வோல்ட் அளவிலேயே தருகின்றன. ஆகவே வடம் சரியாக இருந்தும் மோடம் இயங்காவிட்டால், முதலில் அளக்க வேண்டியது அந்த ஊசிகளின் மின்னழுத்தத்தையே.